சோற்றுக் கணக்கும் கலோரிக் கணக்கும்

2019 பிப்ரவரியில் என் கல்லூரி நண்பனுக்குக் கல்யாணம். நான் போகவில்லை. மண்டபம் திருச்சியில்தான், எங்கள் திருவெறும்பூர் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். "ரிலீஸ் இருக்குடா, சென்னையை விட்டு நகர முடியல" என்று பொய் சொன்னேன்.

உண்மைக் காரணம் எடை. 2017-இல் ஒன்பது மாதத்தில் 108 கிலோவிலிருந்து 81 கிலோவுக்கு இறங்கியிருந்தேன். முன்னால், பின்னால் என்று இரண்டு படங்களை ஒட்டி நண்பர்கள் குழுவில் போட்டபோது அத்தனை பேரும் கொண்டாடினார்கள். அவன்தான் முதலில் கை தட்டினான். கல்யாணத்தின்போது நான் மறுபடியும் 104. கைதட்டிய அத்தனை பேரும் அந்த மண்டபத்தில் இருப்பார்கள். அவர்கள் பார்வை என் வயிற்றுக்கு ஒரு நொடி போய்த் திரும்புவதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று அவன் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இறங்கிய எடை ஏன் திரும்பி வருகிறது என்பதை எல்லாரும் உணவுப் பட்டியலில் தேடுகிறார்கள். நானும் தேடினேன். கடைசியில் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது ஒரு தோற்றுப்போன சினிமாவிலும் இரண்டு சிறுகதைகளிலும். அந்த மூன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1

முதலில் சினிமா. தமிழ் சினிமாவுக்கு உடம்பென்றால் பட்டப்பெயர். குண்டு கல்யாணம், ஓமக்குச்சி நரசிம்மன். பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும் அங்கே ஒரே வேலை: திரையில் வந்து நின்றாலே சிரிப்பு வரவேண்டும். பருத்த உடம்பை நகைச்சுவைப் பகுதியிலிருந்து எடுத்துக் கதையின் நடுவில் வைத்த படம் என்று பெரிதாக ஞாபகம் வருவது 2015 நவம்பரில் வந்த 'இஞ்சி இடுப்பழகி'. பிரகாஷ் கோவெலமுடி இயக்கம். தெலுங்கில் 'சைஸ் ஜீரோ'. அனுஷ்கா இந்தப் படத்துக்காக நிஜமாகவே எடை கூட்டினார். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் அவர் நடிப்பைவிட எடையைப் பற்றித்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின. படம் சொல்ல வந்ததற்குப் படத்துக்கு வெளியே கிடைத்த ஆதாரம் அது.

கதை எளிது. பருத்த பெண், அவளுக்கு மாப்பிள்ளை தேடி அலுத்துப்போகும் அம்மாவாக ஊர்வசி, அவள் விரும்பும் ஆளாக ஆர்யா, உடனடி எடைக்குறைப்பு விற்கும் கிளினிக் முதலாளியாக பிரகாஷ்ராஜ். அவள் கிளினிக்கில் சேர்கிறாள். தோழி ஒருத்தி அந்தச் சிகிச்சையால் உடம்பு கெட்டு ஆஸ்பத்திரியில் விழுகிறாள். கதாநாயகி கிளினிக்குக்கு எதிராகக் கிளம்புகிறாள். முடிவில் கதாநாயகன் அவள் மனதைப் புரிந்துகொண்டு அவளைத் தேர்ந்தெடுக்கிறான்.

படம் ஓடவில்லை. விமர்சகர்கள் பிரச்சார நெடி என்றார்கள். என் குறை வேறு. கிளினிக்கைத் திட்டும்போது இந்தப் படம் சரியாகத்தான் பேசுகிறது. அந்த மாதிரி ஓர் இடத்துக்கு நானும் காசு கட்டியிருக்கிறேன். வாரா வாரம் எடைமேடையில் ஏற்றி, எண்ணை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்வார்கள். இறங்கியிருந்தால் கைதட்டல். ஏறியிருந்தால் அமைதி. அந்த அமைதிக்குப் பயந்தே இரண்டு நாள் தண்ணீர்கூடக் குறைவாகக் குடித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கிளினிக்கின் வியாபாரம் எதன் மேல் நிற்கிறது? உன் மதிப்பை இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதன் மேல்தானே? படம் கிளினிக்கை மூடிவிட்டு அந்தத் தீர்ப்பு சொல்லும் வேலையைக் கதாநாயகனிடம் கொடுக்கிறது. அவன் அவளைத் தேர்ந்தெடுக்காமல் போயிருந்தால்? வேறொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு, பத்திரிகை வைக்க அவள் வீட்டுக்கு வந்திருந்தால்? அப்போதும் அவள் தன்னை மதித்திருப்பாளா? அந்தக் காட்சியை எழுதத் துணிந்திருந்தால் இது பெரிய படமாக ஆகியிருக்கும்.

இன்னொன்று. படத்தில் அவள் சாப்பிடுகிறாள், நாம் சிரிக்கிறோம். எதற்காகச் சாப்பிடுகிறாள் என்று படம் ஒருமுறைகூட நின்று கேட்பதில்லை.

2

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு டாக்டர். 1980-களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் கைசர் பெர்மனென்டே மருத்துவக் குழுமத்தில் வின்சென்ட் ஃபெலிட்டி ஒரு உடல் பருமன் சிகிச்சைப் பிரிவை நடத்தினார். சிகிச்சை வேலை செய்தது. ஆனால் பாதியில் நின்றுவிடுகிறவர்கள் அதிகம். இதில் அவரைக் குழப்பியது, எடை குறையாதவர்கள் நிற்கவில்லை, நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்கள்தான் நின்றார்கள் என்பது.

ஒரு பெண் 51 வாரத்தில் சுமார் 185 கிலோவிலிருந்து 60 கிலோவுக்கு வந்தார். பிறகு மூன்றே வாரத்தில் 17 கிலோ ஏறியது. விசாரித்தபோது, அலுவலகத்தில் மூத்த ஆண் ஒருவர் அவரைத் தவறான எண்ணத்தோடு அணுகியிருந்தார் என்பது தெரிந்தது. அதற்குப் பின்னால் சிறுவயதில் சொந்த வீட்டுக்குள் நடந்த கொடுமை இருந்தது. அந்தப் பெண்ணுக்கு எடை ஒரு நோயாக இல்லை, கதவுக்குப் போட்ட தாழ்ப்பாளாக இருந்தது. டாக்டர்கள் தாழ்ப்பாளைக் கழற்றியதும் பயந்துபோய் மறுபடி மாட்டிக்கொண்டார். இந்த மாதிரிக் கதைகள் ஒவ்வொன்றாக வரவர, ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் சேர்ந்து 17,000 பேருக்கு மேல் கேள்வி கேட்டு ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 1998-இல் அதன் முதல் கட்டுரை வெளியானது. சிறுவயதுக் காயங்களுக்கும் பெரியவரான பின் வரும் நோய்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பேச்சு பரவலானது அதன் பிறகுதான்.

இதைப் படித்ததும் "எல்லாக் குண்டர்களுக்கும் ஒரு காயம் இருக்கிறது" என்று முடிவு கட்டத் தோன்றும். அது தப்பு. பலருக்கு மரபு, தூக்கம், மருந்து, நாற்காலி வேலை, அவ்வளவுதான். தேசிய குடும்பநல ஆய்வின்படி 2019-21-இல் தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இவை 30.9, 28.2. நாலைந்து வருஷத்தில் பத்து சதவீதத் தமிழர்களுக்குப் புதிதாக மனக்காயம் வந்துவிடாது.

உடம்புக்கென்று ஒரு பிடிவாதமும் இருக்கிறது. 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்க டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-இல் வந்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஓய்வில் அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்கவேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. உடம்பு பஞ்சம் வந்துவிட்டதென்று நினைத்துச் சிக்கனத்துக்குப் போய், பஞ்சம் தீர்ந்த பிறகும் அதே சிக்கனத்தில் இருக்கிறது.

ஆக, திரும்பி வரும் எடை ஒழுக்கக்கேடு அல்ல. இது எனக்கு அறிவால் தெரியும். இருந்தும் நண்பன் கல்யாணத்துக்குப் போகவில்லையே. அந்த இடைவெளியைத்தான் ஆய்வுக்கட்டுரை நிரப்பவில்லை, ஒரு கதை நிரப்பியது.

3

ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' கதையை இங்கே அறியாதவர்கள் குறைவு. 2011-இல் வந்த 'அறம்' தொகுப்பில் இருக்கிறது. ஏழைப் பையன் ஒருவன் திருவனந்தபுரத்துக்குப் படிக்க வருகிறான். மாமா வீட்டில் அவமானத்தோடு கிடைக்கும் சோறு. பிறகு சாலை பஜாரில் கெத்தேல் சாகிப்பின் கடை. அங்கே பில் கிடையாது, ஒரு உண்டியல்தான். போட்டால் போடலாம், போடாமலும் போகலாம். சாகிப்பின் கரடிக்கை கேட்காமலே அள்ளி வைக்கும். வேலை கிடைத்த பிறகு அவன் பெரிய தொகை ஒன்றைக் கொண்டுவந்து உண்டியலில் கொட்டுகிறான். சாகிப் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பரிமாறும் கையிலும் மாற்றம் இல்லை.

2012-இல், முதல் வேலையில் இருந்தபோது, இதைப் படித்து அழுதேன். ஒரு பெரிய மனிதனைப் பற்றிய கதை என்று அப்போது வாசித்தேன். அநேகமாக எல்லாரும் அப்படித்தான் வாசிக்கிறோம். 2021-இல் ஊரில் வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில், 110 கிலோவில் உட்கார்ந்துகொண்டு மறுபடி வாசித்தபோது, கண் சாகிப்பின் மேல் நிற்கவில்லை. மாமியின் மேல் நின்றது.

என் கதையை இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். அப்பா துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். நான் பத்தாவது படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மா ஒரு கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிகாலை ஷிஃப்ட். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷமும் ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா வீட்டில் இருந்தேன். பெரியம்மா ஒரு நாளும் திட்டியதில்லை. ஆனால் மூன்றாவது தோசைக்கு ஒரு பார்வை இருக்கும். ஐந்து பேருக்கு ஒரு சம்பளம் என்றால் யாருக்கும் அந்தப் பார்வை வரும். எனக்கு அதெல்லாம் புரிகிற வயதா? "போதும் பெரியம்மா" என்று எழுந்து கை கழுவப் போவேன். வயிறு நிறைந்ததா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளும் பழக்கம் அந்த இரண்டு வருஷத்தில் போய்விட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் என் வயிற்றில் இல்லை, எதிரே நிற்பவர் முகத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருவெறும்பூர் வருவேன். வாரம் பூராவும் டோக்கனுக்கு இத்தனை இட்லி, இத்தனை கரண்டி சாம்பார் என்று எண்ணி எண்ணிப் போட்ட அம்மாவின் கை அன்றைக்கு எண்ணாது. கோழிக்குழம்பு, அப்பளம், மேலே இன்னொரு கரண்டி. எழுந்து நடக்க முடியாத அளவுக்குச் சாப்பிடுவேன். அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் அப்பாவைப் பற்றிப் பேசவே மாட்டோம். அதற்குப் பதிலாகத்தான் அந்தச் சாப்பாடு.

கதையை இரண்டாவது முறை வாசித்த அன்று ராத்திரி பழைய கலோரிச் செயலியைத் திறந்து 2017-இன் பதிவுகளைப் பார்த்தேன். மென்பொருள்காரன் புத்தி, பழைய லாகைக் கிளறாமல் இருக்காது. திங்கள் முதல் சனி வரை 1,400 கலோரிக்குள் கச்சிதம். தாண்டினால் எண் சிவப்பாகும். ஞாயிறு மட்டும் எதுவும் பதியப்படவில்லை. அன்று 'சீட் டே', ஏமாற்று நாள். ஆறு நாள் பார்வைக்குப் பயந்த சோறு, ஒரு நாள் கணக்கில்லாத சோறு. பதினாறு வயதில் ஓடிய அதே புரோகிராமை இருபத்தேழு வயதில் காசு கொடுத்து வாங்கி ஓட்டியிருக்கிறேன். பெரியம்மா இருந்த இடத்தில் சிவப்பு எண். அந்தப் புரோகிராம் என்றைக்காவது நின்றால் ஏழு நாளும் ஞாயிறாகிவிடும். ஆகிவிட்டது.

கெத்தேல் சாகிப்பின் கை எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் நிறையப் போடுகிறார் என்பது இரண்டாம்பட்சம். போடும்போது அவர் யாரையும் எடை போடுவதில்லை. தந்தவனும் தராதவனும் அவருக்கு ஒன்று. அந்தக் கையின் முன்னால் மட்டும்தான் அந்தப் பையன் தன் பசியை வெட்கப்படாமல் பார்க்கிறான்.

4

ஆனால் 'சோற்றுக்கணக்கு' மீது எனக்கு ஒரு கேள்வியும் உண்டு. கணக்கில்லாமல் போடுகிறவர் பொதுவெளியில் கடை நடத்தும் ஆண். கணக்குப் பார்க்கிறவள் வீட்டுக்குள் கரண்டி பிடித்த பெண். அவளுக்கு அந்தக் கணக்கை யார் கொடுத்தார்கள்? இதற்குப் பதில் வேறொரு கதையில், இதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது: அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'.

ராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்பம். பெரிய வீடு, மூலையில் இருட்டாக ஒரு சமையலறை. அதன் ஜன்னலிலிருந்து தெரியும் மலை, துணி காயப்போடும் கொடிகளால் மறைக்கப்படுகிறது. அந்த வீட்டுப் பெண்களின் ராஜ்யம் அந்த மூலைதான். சமையலறையின் ஆட்சிதான் பலம் என்று ஜீஜிக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. மருமகள் மீனாட்சி கடைசியில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஜீஜியிடம், அவள் பலமென்று பிடித்துக்கொண்டிருந்ததெல்லாம் பலமே இல்லை என்று சொல்கிறாள்.

பெரியம்மாவின் பார்வையும் அம்மாவின் கூடுதல் கரண்டியும் ஒரே மூலையிலிருந்து வந்தவைதான். ஒருத்தியின் கையில் இருந்தது பற்றாக்குறையைச் சமாளிக்கும் பொறுப்பு மட்டும். இன்னொருத்தியின் கையில் அன்பைக் காட்ட அந்த ஒரு கரண்டி மட்டும். அதையும் நான் தட்டிவிட்ட நாள் ஒன்று உண்டு. 2017 பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது சமையலறைத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். அம்மா தட்டில் வைத்த சோற்றை அதில் வைத்து எடை பார்த்து, பாதியை எடுத்துத் திருப்பிக் கொட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "கேன்டீன்லகூட நாங்க சோத்த எடை போட்டதில்லடா" என்றாள். நான் அதைப் பழைய காலத்து மனுஷியின் அறியாமை என்று எடுத்துக்கொண்டேன். 81 கிலோவுக்கு வந்த பயணத்தின் விலைப்பட்டியலில் அதையும் சேர்க்கவேண்டும்.

டயட் புத்தகங்கள் "வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்" என்கின்றன. யாரிடம் சொல்கிறோம் என்பதை அவை யோசிப்பதே இல்லை. கரண்டியைத் தவிர வேறு மொழி தரப்படாத ஒருத்தியிடம் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால், அவளோடு பேச இன்னொரு மொழியைக் கண்டுபிடிக்கவேண்டும். நாங்கள் அதற்கு வெகுநாள் எடுத்துக்கொண்டோம். ஊரடங்கில் ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு, "அப்பாவுக்கு எந்தக் குழம்பும்மா பிடிக்கும்?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினாள். அன்று யாரும் இரண்டாவது முறை போட்டுக்கொள்ளவில்லை. அதைக்கூட மறுநாள்தான் கவனித்தேன்.

5

இங்கே ஒரு எச்சரிக்கை. "மனசைச் சரி பண்ணு, எடை தானாகக் குறையும்" என்பது இப்போது ரீல்ஸ்களில் விற்பனைக்கு வந்திருக்கும் புது டயட். அதிலும் மதிப்பெண் உண்டு: எடை குறையவில்லையா, அப்படியென்றால் உன்னை நீ போதுமான அளவு நேசிக்கவில்லை. பழைய அவமானத்துக்குப் புதுச்சட்டை. நான் ஒரு மனநல ஆலோசகரிடம் எட்டு மாதம் போனேன். அந்த எட்டு மாதத்தில் எடை மூன்று கிலோதான் குறைந்தது. அதற்காகப் போனதாகவும் இப்போது நினைக்கவில்லை.

மருந்து விஷயமும் அப்படித்தான். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வெகோவி. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் டாக்டர் சொல்லி எடுத்துக்கொள்கிறார், அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாமல். குறுக்குவழி என்பார்களாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை அப்படி யாரும் சொல்வதில்லையே. எடையில் மட்டும் கஷ்டப்பட்டுத்தான் இறங்கவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதற்குக் காரணம், அதை இன்னும் தண்டனையாகத்தான் பார்க்கிறோம் என்பதுதான்.

கணக்கே வேண்டாம் என்று சொல்லவும் இந்தக் கட்டுரை வரவில்லை. என் முழங்காலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எண்கள் தேவை. இப்போதும் வாரம் ஒருமுறை எடை பார்க்கிறேன். ஆனால் எங்கள் தொழிலில் லாக் வேறு, அப்ரைசல் வேறு. லாக் என்ன நடந்தது என்று சொல்லும். அப்ரைசல் நீ எவ்வளவு தேறுவாய் என்று சொல்லும். பல வருஷம் நான் லாகைத் திறந்து அப்ரைசலைப் படித்துக்கொண்டிருந்தேன். 'இஞ்சி இடுப்பழகி' தவறவிட்ட இடமும் இதுதான். கிளினிக்கில் போய் உயிரைப் பணயம் வை, அல்லது இருக்கிறபடியே உன்னை ஏற்க ஒருவன் வருவான். இந்த இரண்டுக்கும் நடுவில், தன்னை வெறுக்காமலே தன் உடம்பைக் கொஞ்சம் மாற்ற விரும்பும் ஓர் ஆள் அந்தப் படத்தில் இல்லை. நம் கதைகளிலும் அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. யாராவது எழுதவேண்டும்.

எங்கள் ஊர் மலைக்கோயிலின் கதை தெரிந்திருக்கும். தேவர்கள் எறும்பாக மாறி சிவனைக் கும்பிட வந்தார்கள். லிங்கம் வழுக்கியது, ஏற முடியவில்லை. சாமி தன்னைப் புற்றுமண்ணாக்கிக்கொண்டு, எறும்புகள் ஏறுவதற்கு வாகாக ஒரு பக்கம் சாய்ந்துகொடுத்தார். எறும்பீஸ்வரர். சின்ன வயதில் இது எறும்பின் விடாமுயற்சி பற்றிய கதை என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூச்சு வாங்கப் படியேறும் இந்த மூன்று வருஷமாக வேறு மாதிரி தோன்றுகிறது. ஏறுகிறவன் எவ்வளவு முயன்றாலும், எதிரில் இருப்பது கொஞ்சம் சாய்ந்துகொடுத்தால்தான் ஏற முடியும்.

இன்றைய தேதிக்கு 93 கிலோ. மூன்று வருஷத்தில் 17 கிலோ. படம் போட்டுக் கைதட்டு வாங்கும் வேகமில்லை. போடவும் இல்லை. நாளைக்கே திரும்பி ஏறலாம், அதுவும் தெரியும்.

போன வருஷம் அந்த நண்பன் குழந்தைக்குச் சமயபுரத்தில் காது குத்து. அப்போது நான் 96. பழைய குழுவில் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒருவன் பார்வை என் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது, பார்த்தேன். பந்தியில் நண்பனே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இன்னும் கொஞ்சம் போடவாடா?" என்றான். "இரு, பாத்துச் சொல்றேன்" என்றேன். அவன் வாளியோடு நின்றான். நிஜமாகவே பார்த்தேன். கொஞ்சம் பசி பாக்கி இருந்தது.

"அரைக் கரண்டி போடு" என்றேன்.